போக்கர் தொடக்கக் கை அட்டைகள்: எதை வாங்கலாம், எதை ஒதுக்கலாம்

ஆளுக்கு இரண்டு சீட்டும் நடுவில் ஐந்து பொதுச் சீட்டும் வைத்து ஆடும் டெக்சாஸ் ஹோல்டம் கற்க வருபவர் கைக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு வண்ணக் கட்டம்தான். 13-க்கு 13 சதுரம். பச்சை என்றால் ரெய்ஸ் (பந்தயத்தை உயர்த்துவது), சிவப்பு என்றால் ஃபோல்ட் (சீட்டைப் போட்டு விலகுவது), நடுவில் மஞ்சள். லேமினேட் செய்த அட்டையாக, சீட்டுக்கட்டோடு வரும் இணைப்பாக, போன் செயலியாக என்று பல வடிவில் இது விற்கிறது. பந்தயத்துக்கு உச்சவரம்பில்லாத நோ-லிமிட் ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குபவர் இதை வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் கடையில் கிடைப்பதில் பாதி, முக்கியமான தகவலை விட்டுவிட்டு வண்ணத்தை மட்டும் அச்சடித்தவை.

விற்பனையில் இருப்பதை மூன்று ரகமாகப் பிரிக்கலாம். எல்லா இருக்கைக்கும் ஒரே கட்டம் போட்ட ஒற்றை அட்டை ஒன்று. இருக்கைவாரியாகத் தனித்தனிக் கட்டம் கொண்ட தொகுப்பு இன்னொன்று. ஸ்டாக் (கையிருப்புத் தொகை) குறைந்த நேரத்தில் ஆல்-இன் (இருப்பதை முழுதும் கட்டுவது) போகலாமா வேண்டாமா என்று சொல்லும் புஷ்-ஃபோல்ட் அட்டை மூன்றாவது. தொடக்கக்காரருக்கு வேண்டியது இரண்டாவது ரகம். டோர்னமென்ட் ஆடுபவராக இருந்தால் மூன்றாவதும் சேர்த்து. முதல் ரகத்துக்குப் பணம் கொடுப்பது வீண்.

முதலில் கட்டத்தைப் படிக்கும் முறை. 52 சீட்டில் இரண்டு சீட்டு 1,326 விதமாக வரலாம். சூட் (ஸ்பேட், ஹார்ட் போன்ற வகை) பேதத்தைக் களைந்தால் அது 169 வகையாகச் சுருங்கும்: 13 ஜோடி, 78 சூட்டட் (இரண்டும் ஒரே சூட்), 78 ஆஃப்சூட் (வெவ்வேறு சூட்). மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குச் செல்லும் கோட்டில் ஜோடிகள் இருக்கும். கோட்டுக்கு மேலே சூட்டட், கீழே ஆஃப்சூட். இதுவரை எல்லா அட்டையும் ஒன்றுதான்.

ஏமாற்றம் சதுரங்களின் அளவில் இருக்கிறது. எல்லாச் சதுரமும் ஒரே அளவு. ஆனால் எடை ஒன்றல்ல. ஒரு ஜோடி 6 விதமாக வரும், ஒரு சூட்டட் கை 4 விதம், ஒரு ஆஃப்சூட் கை 12 விதம். ஆகவே கீழ்ப்பகுதியில் ஒரு சதுரத்தைப் பச்சையாக்குவது மேல்பகுதியில் மூன்று சதுரத்தைப் பச்சையாக்குவதற்குச் சமம். அட்டையை வாங்குவதற்கு முன்பே அதன் நம்பகத்தன்மையைச் சோதிக்க இந்தக் கணக்கு போதும். ஆறு பேர் மேசையில் முதல் இருக்கைக்கு ஓர் அட்டை இப்படிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம்: எல்லா ஜோடியும், எல்லாச் சூட்டட் ஏஸும், கிங்-10 வரை சூட்டட் கிங், குயின்-ஜாக், குயின்-10, ஜாக்-10, 10-9 சூட்டட், ஆஃப்சூட்டில் ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், கிங்-குயின். எண்ணுங்கள்: ஜோடி 78, சூட்டட் 19 சதுரம் 76, ஆஃப்சூட் 4 சதுரம் 48. மொத்தம் 202. 1,326-ல் அது 15.2 சதவீதம். சதுரமாக எண்ணினால் 36, அதாவது 169-ல் 21 சதவீதத்துக்கு மேல். அட்டையின் ஓரத்தில் "15 சதவீதம்" என்று அச்சாகியிருந்தால் தயாரித்தவர் கணக்குத் தெரிந்தவர். "21 சதவீதம்" என்றிருந்தால் சதுரத்தை எண்ணியிருக்கிறார். அந்த அட்டையை அங்கேயே வைத்துவிடலாம்.

அடுத்தது இருக்கை. ஒற்றை அட்டை தோற்பது இங்கேதான். ஏஸ்-ஜாக் ஆஃப்சூட்டை எடுத்துக்கொள்வோம். ஒன்பது பேர் மேசையில் முதலில் பேச (முடிவைச் சொல்ல) வேண்டிய இருக்கையில் இருக்கிறீர்கள். பின்னால் எட்டுப் பேர். உங்கள் கையை நசுக்கும் கைகள் எவை? ஏஸ் ஜோடி 3 விதம், ஜாக் ஜோடி 3, கிங் ஜோடி 6, குயின் ஜோடி 6, ஏஸ்-கிங் 12, ஏஸ்-குயின் 12. உங்களிடம் ஒரு ஏஸும் ஒரு ஜாக்கும் இருப்பதைக் கழித்துவிட்ட எண்ணிக்கை இது. மொத்தம் 42. மீதி 50 சீட்டில் சாத்தியமான கைகள் 1,225. ஒரு எதிராளியிடம் இதில் ஒன்று இருக்க வாய்ப்பு 3.4 சதவீதம்தான். ஆனால் எட்டுப் பேரில் யாராவது ஒருவரிடம் இருக்க வாய்ப்பு ஏறக்குறைய 24 சதவீதம். அதே சீட்டு பட்டனில் (டீலர் இருக்கையில்) வந்து, முன்னால் எல்லோரும் ஃபோல்ட் செய்திருந்தால், பின்னால் இருப்பது இரண்டு பிளைண்ட் (சீட்டு வருமுன்பே கட்டாயத் தொகை கட்டும் ஸ்மால், பிக் பிளைண்ட் இருக்கைகள்) மட்டும்; வாய்ப்பு 7 சதவீதத்துக்கும் கீழே. அதோடு, ஃபிளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) விழுந்தபின் எல்லாச் சுற்றிலும் நீங்கள் கடைசியாகப் பேசுவீர்கள். ஒரே சதுரம்; ஓரிடத்தில் சிவப்பு அல்லது மஞ்சள், இன்னோரிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பச்சை. இதை ஒரே கட்டத்தில் எப்படி அடைக்க முடியும்? அடைத்தால் முதல் இருக்கையில் அதிகம் ஆடுவீர்கள், பட்டனில் குறைவாக ஆடுவீர்கள். இரண்டும் நஷ்டம்.

இருக்கைவாரித் தொகுப்பு வாங்கும்போது பார்க்க வேண்டியது, இருக்கைக்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்பதல்ல. ஹைஜாக், லோஜாக், மிடில் பொசிஷன் என்று ஆளுக்கொரு பெயர் வைக்கிறார்கள். ஆறு பேர் மேசைப் பெயரும் ஒன்பது பேர் மேசைப் பெயரும் குழம்பும். "உங்களுக்குப் பின்னால் எத்தனை பேர்" என்று போட்டிருக்கும் தொகுப்பே மேல். ஆறு பேர் மேசையின் முதல் இருக்கைக்குப் பின்னால் ஐந்து பேர். ஒன்பது பேர் மேசையிலும் முன்னால் மூவர் ஃபோல்ட் செய்துவிட்டால், நான்காவது இருக்கைக்குப் பின்னால் அதே ஐந்து பேர்தான். அதே கட்டம் இரண்டுக்கும் பொருந்தும். இந்த எண் இல்லாத தொகுப்பை வாங்கியிருந்தால், ஒவ்வொரு கட்டத்தின் மேலும் மார்க்கரில் நீங்களே எழுதிவிடுங்கள்.

பரப்பு (ஆடத்தகுந்த கைகளின் பங்கு) எப்படி விரிய வேண்டும் என்பதற்கு ஒரு தோராயம்: ஆறு பேர் கேஷ் ஆட்டத்தில் (டோர்னமென்ட் அல்லாமல் நேரடிப் பணத்துக்கு ஆடுவது), 100 பிக் பிளைண்ட் (பிக் பிளைண்ட் தொகையைப்போல் 100 மடங்கு) ஸ்டாக்கோடு, முதல் இருக்கையில் 15 முதல் 18 சதவீதம், பட்டனுக்கு முந்தைய இருக்கையில் கால்வாசியைத் தாண்டும், பட்டனில் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல். ஒன்பது பேர் மேசையின் முதல் இருக்கையில் 10 சதவீதத்தை ஒட்டியே இருக்க வேண்டும். முதல் இருக்கைக்கும் பட்டனுக்கும் இடையில் இரண்டு மடங்குக்கு மேல் விரிவு தெரியவில்லை என்றால் அந்தத் தொகுப்பு சரியில்லை.

இனி, பல தொகுப்புகள் சத்தமில்லாமல் விட்டுவிடும் பகுதி. பச்சை என்று போட்டிருப்பது "உங்களுக்கு முன்னால் யாரும் உள்ளே வரவில்லை" என்ற நிலைக்கு மட்டும். வாங்கியவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதே இல்லை. முன்னால் ஒருவர் ரெய்ஸ் செய்துவிட்டால் அதே பச்சை செல்லாது. முதல் இருக்கையிலிருந்து ரெய்ஸ் செய்தவரிடம் 15 சதவீதக் கைகள்தான் இருக்கின்றன. அதற்கு எதிராக ஏஸ்-ஜாக் ஆஃப்சூட், கிங்-குயின் ஆஃப்சூட் போன்றவை பார்க்க அழகாக இருக்கும், இரண்டாவது சிறந்த கையாக முடிந்து பணத்தைத் தின்னும். ஆகவே தொகுப்பில் குறைந்தது மூன்று கூடுதல் கட்டம் இருக்க வேண்டும்: முன் இருக்கை ரெய்ஸுக்கு எதிராக, பட்டன் ரெய்ஸுக்கு எதிராக, பிக் பிளைண்டிலிருந்து தற்காக்க. இவை இல்லாத அட்டை பாதி அட்டை.

யாராவது வெறும் பிக் பிளைண்ட் தொகையைக் கட்டி லிம்ப் செய்து உள்ளே வந்திருந்தால்? அநேக அட்டைகளில் இதற்குப் பதிலே கிடையாது. தொடக்கக்காரர்கள் ஆடும் மேசையிலோ இதுதான் அதிகம் நடக்கும். நடைமுறை வழி: ஆடப்போகும் கைகளின் அடிவரிசையை வெட்டுங்கள், ரெய்ஸ் தொகையோடு ஒவ்வொரு லிம்ப்புக்கும் ஒரு பிக் பிளைண்ட் கூட்டுங்கள். வழக்கமாக 3 பிக் பிளைண்ட் என்றால், இருவர் லிம்ப் செய்தபின் 5. அவர்களோடு சேர்ந்து நீங்களும் லிம்ப் செய்வதை எந்த நல்ல அட்டையும் தொடக்கக்காரருக்குப் பழக்கமாக்கித் தராது.

பிக் பிளைண்ட் கட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் தொகுப்பு தயாரித்தவரின் தரம் இதில் தெரியும். பட்டன் 2.5 பிக் பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்கிறது, ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட். நடுவில் இருப்பது 2.5, 0.5, உங்கள் 1, ஆக 4. நீங்கள் கட்ட வேண்டியது இன்னும் 1.5. கட்டியபின் நடுவில் 5.5. 1.5-ஐ 5.5-ஆல் வகுத்தால் 27 சதவீதம்; நஷ்டமில்லாமல் கட்ட இவ்வளவு வெற்றி வாய்ப்பு தேவை. ரெய்ஸ் 2 மட்டும் என்றால் தேவை 22 சதவீதம். 3 என்றால் 31. ஒரு பிக் பிளைண்ட் வித்தியாசத்தில் தேவை ஒன்பது புள்ளி ஏறுகிறது. எனவே "பிக் பிளைண்ட் தற்காப்பு" என்று போட்டுவிட்டு, எந்த அளவு ரெய்ஸுக்கு எதிராக என்று எழுதாத கட்டம் எதற்கும் உதவாது. நேரில் ஆடும் மேசைகளில் முதல் ரெய்ஸே 4, 5 பிக் பிளைண்ட் என்று போவது சாதாரணம். அங்கே 2.5-க்கான கட்டத்தைப் பார்த்து கால் செய்தால் (ரெய்ஸுக்கு ஈடான தொகையைக் கட்டினால்) ஓட்டை விழும். இன்னொன்று: 27 சதவீதம் என்பதைக் காகிதத்தில் பார்த்தால் கிட்டத்தட்ட எதையும் ஆடலாம் போலத் தோன்றும். ஆனால் ஃபிளாப்புக்குப் பின் முதலில் பேச வேண்டியவர் நீங்கள். 9-3 ஆஃப்சூட்டோடு ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) வரை போய்ச் சேர்வது அரிது. பாதியில் ஃபோல்ட் செய்யும் கைக்கு அதன் முழுப் பங்கு வருவதில்லை. நல்ல கட்டங்கள் இதைக் கழித்துவிட்டே வரையப்பட்டிருக்கும். சூட்டட் கைகளுக்குத் தாராளமாகவும், சிறிய ஆஃப்சூட் கைகளுக்குக் கறாராகவும் இருக்கிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

சூட்டட் மோகத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டும் ஒரே சூட் என்பதற்காக எதையும் ஆடுபவர்கள் உண்டு. ஃபிளாப்பிலேயே ஃபிளஷ் (ஒரே சூட்டில் ஐந்து சீட்டு) விழ வாய்ப்பு 0.84 சதவீதம், சுமார் 118 தடவைக்கு ஒரு தடவை. ஃபிளஷ் டிரா (ஃபிளஷுக்கு ஒரு சீட்டு குறைவு) கிடைக்க 11 சதவீதம். ஏஸ்-கிங் சூட்டட்டுக்கும் ஆஃப்சூட்டுக்கும் எந்தக் கையென்று தெரியாத ஒரு கைக்கு எதிரான வெற்றி வாய்ப்பு வித்தியாசம் இரண்டு புள்ளிக்குள்தான்: 67, 65. கிங்-4 சூட்டட்டை முதல் இருக்கையில் பச்சையாக்கிய ஒற்றை அட்டை கண்ணில் பட்டால் நகர்ந்துவிடுங்கள்.

ஸ்டாக் ஆழம், ஆன்ட்டே (பிளைண்ட் போகக் கூடுதலாகக் கட்டும் கட்டாயத் தொகை). கட்டத்தின் மேலே "100 பிக் பிளைண்ட்" என்று எழுதியிருந்தால் அது கேஷ் ஆட்டத்துக்கு. டோர்னமென்ட்டில் பிக் பிளைண்ட் ஆன்ட்டே வைத்தால் தொடக்கத்தில் நடுவில் 1.5-க்குப் பதில் 2.5 கிடக்கிறது. 2.5-க்கு ரெய்ஸ் செய்தால், ஆன்ட்டே இல்லாதபோது 62.5 சதவீதத் தடவை எல்லோரும் ஃபோல்ட் செய்தால்தான் உடனடி லாபம். ஆன்ட்டே இருந்தால் 50 போதும். அதனால் ஆன்ட்டே உள்ள கட்டம் அகலமாக இருக்கும். அதைக் கேஷ் மேசைக்குக் கொண்டுபோனால் அதிகமாக ஆடிவிடுவீர்கள். சிறு தொகை மேசைகளில் மேசைக் கமிஷன் வேறு சேர்கிறது; அது முதலில் அரிப்பது கால் செய்து ஆடும் அரைகுறைக் கைகளை.

சிறு ஜோடிகளை ஸ்டாக்கோடு சேர்த்தே படிக்க வேண்டும். கையில் ஜோடி இருந்து ஃபிளாப்பில் மூன்றாவது விழ வாய்ப்பு 11.8 சதவீதம், எட்டரைத் தடவைக்கு ஒன்று. விழுந்தாலும் ஒவ்வொரு முறையும் எதிராளி முழு ஸ்டாக்கைக் கொடுக்கப்போவதில்லை. ஆகவே ரெய்ஸுக்கு எதிராக 4-4 வைத்துக் கால் செய்ய வேண்டுமென்றால், கட்டும் தொகையைப்போல் 15 மடங்காவது இருவரிடமும் பின்னால் இருக்க வேண்டும். 20 மடங்கு என்றால் நிம்மதி. இந்த வரி அட்டையின் அடியில் இருந்தால் அதற்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

ஸ்டாக் 10, 12 பிக் பிளைண்டுக்கு இறங்கிவிட்டால் 100-க்கான கட்டம் குப்பை. அப்போது ஃபிளாப் பார்த்து நிதானமாக ஆட இடமில்லை. ஆல்-இன் அல்லது ஃபோல்ட். 7-6 சூட்டட் போன்றவற்றின் எதிர்காலப் பலன் சுருங்கும், சிறிய ஏஸ்களின் மதிப்பு ஏறும். புஷ்-ஃபோல்ட் அட்டை இதற்குத்தான். இதில் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்: ஆல்-இன் போவதற்கு ஒன்று, மற்றவர் ஆல்-இன் போனால் கால் செய்வதற்கு ஒன்று. கால் செய்யும் கட்டம் எப்போதும் குறுகலாக இருக்கும், ஏனென்றால் கால் செய்பவர் மற்றவரை ஃபோல்ட் செய்ய வைத்து ஜெயிக்க முடியாது. இரண்டையும் ஒன்றாகப் போட்ட அட்டைகளும் விற்கின்றன. அவை ஆபத்து.

ஒவ்வொரு சதுரத்தையும் இரண்டு மூன்று வண்ணமாகக் கூறுபோட்டு, "40 சதவீதத் தடவை ரெய்ஸ், 60 சதவீதத் தடவை ஃபோல்ட்" என்று காட்டும் தொகுப்புகளும் இருக்கின்றன. சிறந்த ஆட்டத்தைக் கணக்கிடும் சால்வர் மென்பொருள் கொடுத்த முடிவை அப்படியே அச்சடித்தவை. தவறில்லை, தொடக்கக்காரருக்குத் தேவையில்லை. எல்லைச் சதுரங்களில் இப்படியும் அப்படியும் ஆடுவதால் வரும் வித்தியாசம் மிகச் சிறியது; அதை நினைவில் வைக்கும் பாரம் பெரியது. ஒரே வண்ணமாக எளிமைப்படுத்திய தொகுப்பையே எடுங்கள்.

கட்டமே வேண்டாம் என்பவர்களுக்கு போக்கர் வீரர் பில் சென் வகுத்த புள்ளிக் கணக்கு ஒன்று உண்டு. பெரிய சீட்டுக்கு ஏஸ் 10, கிங் 8, குயின் 7, ஜாக் 6, மற்றவற்றுக்கு எண்ணில் பாதி. ஜோடி என்றால் இரட்டிப்பு, குறைந்தது 5. சூட்டட் என்றால் 2 கூட்டல். இடைவெளி ஒரு சீட்டு என்றால் 1 கழித்தல், இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, அதற்கு மேல் 5. இடைவெளி ஒன்றோ அதற்குக் குறைவோ இருந்து, இரண்டு சீட்டும் குயினுக்குக் கீழே என்றால் 1 கூட்டல். 10-9 சூட்டட் 8 புள்ளி, ஏஸ்-2 ஆஃப்சூட் 5. இலவசம், மனக்கணக்கு. ஆனால் இருக்கையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஒற்றை அட்டைக்கு இது மாற்று, தொகுப்புக்கு அல்ல.

அட்டையின் பின்பக்கம். இங்கே கணக்கு அட்டவணை இருந்தால் நல்லது, சரியாக இருந்தால் இன்னும் நல்லது. எதிராளி பாட் (நடுவில் சேர்ந்திருக்கும்) தொகையில் மூன்றிலொரு பங்கு பெட் வைத்தால் கால் செய்ய உங்களுக்கு 20 சதவீத வெற்றி வாய்ப்பு வேண்டும். பாதி என்றால் 25. மூன்றில் இரண்டு என்றால் 28.6, முழுத் தொகை என்றால் 33, இரு மடங்கு என்றால் 40. சில அட்டைகள் 3-க்கு 1 என்ற விகிதத்தை 33 சதவீதம் என்று போட்டுவிடுகின்றன. அது 25. இந்த ஒரு வரியைப் பார்த்தாலே பிழைதிருத்தம் நடந்ததா என்று தெரியும்.

"அவுட்டை 4-ஆல் பெருக்கு, 2-ஆல் பெருக்கு" என்ற விதியும் பின்பக்கத்தில் இருக்கும். அவுட் என்றால் வந்தால் உங்கள் கையைத் தேற்றும் சீட்டு; இரண்டு சீட்டு வர வேண்டியிருந்தால் 4, ஒன்று என்றால் 2. ஃபிளாப்பில் ஃபிளஷ் டிரா, 9 அவுட். 4-ஆல் பெருக்கினால் 36, உண்மை 35. சரி. 15 அவுட்டுக்கு 60 என்று சொல்லும், உண்மை 54. இந்தச் சிறு பிழையை விடுங்கள், பெரிய பிழை பயன்படுத்தும் இடத்தில் இருக்கிறது. நடுவில் 100, எதிராளி 75 பெட் வைக்கிறார். 75 கட்டி 250-ல் பங்கு. தேவை 30 சதவீதம். கையில் 35 இருக்கிறதே என்று கால் செய்கிறீர்கள். டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) சும்மா போகிறது, அவர் மறுபடி பெட் வைக்கிறார். இப்போது உங்களிடம் இருப்பது 9-ஐ 46-ஆல் வகுத்த 19.6 சதவீதம்தான். 4-ஆல் பெருக்குவது, இனி பெட் கிடையாது என்ற நிலைக்கு, அதாவது ஆல்-இன் ஆனபின் இரண்டு சீட்டும் இலவசமாக வரும்போது மட்டும். மற்றபடி ஒவ்வொரு சுற்றிலும் 2. விழுந்தால் பிறகு எவ்வளவு கறக்கலாம் என்பதைத் தனியாகச் சேர்த்து யோசிக்க வேண்டும். இந்த நிபந்தனையை அச்சடித்த அட்டை அபூர்வம், கண்டால் வாங்கிவிடுங்கள்.

அச்சு விஷயம். சீட்டு அளவிலேயே, அதாவது 63 மி.மீ. அகலத்தில் வரும் அட்டையில் ஒரு சதுரத்துக்கு 5 மி.மீ. கூட விழாது. அதில் எழுத்து தெரியாது. ஏ4 தாளில் பக்கத்துக்கு இரண்டு கட்டம் அகலவாக்கில் போட்டால் சதுரம் 7 மி.மீ.-க்கு மேல் வரும்; படிக்க அதுதான் வசதி. பச்சை-சிவப்பு வேறுபாடு தெரியாத கண் உள்ளவர்கள் நீலம்-ஆரஞ்சுத் தொகுப்பைத் தேட வேண்டும். பளபளப்பு லேமினேஷன் விளக்கொளியில் கூசும், மேட் பூச்சு கூசாது.

வாங்கியபின் 169 சதுரத்தையும் மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். ஒவ்வொரு இருக்கைக்கும் ஐந்து எல்லை போதும்: ஆடத்தகுந்த மிகச் சிறிய ஜோடி, மிகச் சிறிய சூட்டட் ஏஸ், மிகச் சிறிய ஆஃப்சூட் ஏஸ், மிகச் சிறிய ஆஃப்சூட் கிங், மிகச் சிறிய சூட்டட் அடுத்தடுத்த சீட்டு. ஐந்து இருக்கைக்கு 25 விவரம். பிறகு சீட்டுக்கட்டைக் கலைத்து இரண்டிரண்டாகப் போட்டு, இருக்கையை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்து, அட்டையோடு ஒப்பிடுங்கள். பிழை வருவது எல்லைச் சதுரங்களில் மட்டும் என்ற நிலை வந்தால் போதும்.

ஷார்ட் டெக் எனப்படும் 36 சீட்டு ஆட்டத்துக்கோ நான்கு சீட்டு ஒமாஹாவுக்கோ இந்த அட்டைகள் எதுவும் பொருந்தாது. ஆடும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா என்பது இடத்தைப் பொறுத்தது. முன்னணி இணையத் தளங்கள், கை நடக்கும்போதே முடிவைச் சொல்லித்தரும் மென்பொருளைத் தடை செய்திருக்கின்றன. அச்சிட்ட நிலையான கட்டத்துக்கு ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு விதி. நேரடி மேசையில் டீலரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். செயலி வடிவத்தில் வாங்குபவர்கள் இதைக் கூடுதலாக யோசிக்க வேண்டும்: சீட்டு கையில் இருக்கும்போது போனை எடுக்கவே விடாத மேசைகள் பல. அங்கே காகித அட்டையாவது இடைவேளையில் புரட்டப் பயன்படும்.